கண்ணை மூடினாலும் பர்மிட் வேண்டும்

1. கடற்கரையில் குறட்டை

எங்கள் பெரிய டாக்டர் பெங்களூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்த மறுநாளே பிசியோதெரபி அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பென்டிரைவ்.

"வசந்தா, இனிமே எக்சர்சைஸுக்கு முன்னாடி எல்லா பேஷண்டுக்கும் விஷுவலைசேஷன். மனசு ஒரு காட்சியைப் பாத்தா உடம்பு அதுக்கு ரெஸ்பாண்ட் பண்ணும். மைண்ட்-பாடி கனெக்‌ஷன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், இதைப் போட்டுவிட்டா போதும்" என்றார்.

'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று ஒரு டாக்டர் சொன்னால் நமக்கு இரண்டு மடங்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம். ஓசூரில் பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்றுதான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஸ்பீக்கரைப் போட்டேன். ஒரு பெண் குரல், தேனில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி. "கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள். அலைகள் உங்கள் பாதங்களைத் தழுவுகின்றன" என்று ஆரம்பித்தது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வருகிறவர்கள். அவர்களிடம் போய்க் கண்ணை மூடு என்றால் என்ன ஆகும்? இரண்டாவது அலை வருவதற்குள் அறை முழுக்கக் குறட்டை.

கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தது லட்சுமம்மா ஒருத்திதான். கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ அறுக்கிறவள். தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் வந்துகொண்டிருந்தாள்.

"நீங்க ஏன்மா கண்ணை மூடல?"

"நானும் மூடிட்டா செருப்பை யாரு பாத்துக்கறது? கடக்கரையில வுட்டா அலை இழுத்துட்டுப் போயிருமாமே, டிவியில பாத்தன்" என்றாள்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் முனிராஜைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏன் என்று சொல்கிறேன். முனிராஜ் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். கன்வேயர் ரோலரில் வலது கை மாட்டி நசுங்கிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, எலும்பு கூடிவிட்டது, நரம்பும் சரியாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும். "இப்ப நீங்க மடக்குங்க" என்றால் ஒன்றுகூட அசையாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கைதான் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சத்தம் போடாமல் அவர் மனைவி மஞ்சுளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனில் ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்த சத்தத்தில் மனுஷன் விழித்துக்கொண்டார். விரல்கள் உடனே தொளதொளவென்று விழுந்துவிட்டன. போட்டோவைக் காட்டினோம்.

"அது எடது கைங்க. போன்ல மாத்தித் தெரியுது" என்றார்.

"அப்ப எடது கையில நான் கட்டுன கயிறு போட்டோவுல எங்க போச்சு?" என்று மஞ்சுளா கேட்டாள். அவர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் அவருக்குக் கம்பெனியில் மெடிக்கல் இருந்தது. வேலை செய்துகாட்ட வேண்டும். முடியாவிட்டால் மெயின்டனன்ஸிலிருந்து எடுத்துவிட்டு கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். எச்.ஆர். ஆள் ஒருவர் எனக்கே போன் செய்து, "மேடம், சர்ஜன் எல்லாம் ஓகேங்கறாரு. ஆளு நடிக்கிறானா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தூக்கத்தில் பிடிக்கிற கை விழித்தால் பிடிக்காது என்பது நடிப்பு இல்லை. மடக்கச் சொன்னதும் அவருக்கு முழங்கை வரை வேர்த்துவிடும், நடிக்கிறவனுக்கு அப்படி வேர்க்காது. போனை வைத்துவிட்டேன்.

முனிராஜிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

"கேட்டுல உக்கார வெச்சிருவாங்க மேடம். உள்ள ஒரு மெஷின் சத்தம் மாறுனா எனக்கு வெளியில இருந்தே கேக்கும்ங்க. இன்னா கோளாறுன்னுகூடத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு லாரி நெம்பர் எழுதிட்டு உக்காந்திருக்கணும்." மடியில் கிடந்த கையைப் பார்த்து, "எழுதறதுக்கும் இந்தக் கைதாங்க வேணும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

2. சூப்பர்வைசர் டீக்குப் போயிருந்தார்

யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்ன விஷயத்தில் தப்பில்லை. செய்யப்போகிற அசைவை முதலில் மனதுக்குள் செய்து பார்ப்பது கைக்கு உதவத்தான் செய்யும். தப்பு கடலில்தான். முனிராஜ் கடலைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் கன்வேயர்.

மறுநாள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவரை ஓரமாக உட்கார வைத்தேன்.

"கண்ணை மூடுங்க. கம்பெனிக்குப் போயிட்டீங்க. என்ன தெரியுது?"

"செக்யூரிட்டி பேக்கைத் தொறந்து பாக்கறாருங்க."

"அதெல்லாம் வேணாம். நேரா கன்வேயர்கிட்ட போங்க."

"ஷூ மாத்தணும்ங்க."

மாற்றும் வரை காத்திருந்தேன். லேஸ் கட்ட நேரமாயிற்று.

"வந்துட்டங்க. முன்னாடி நிக்கறன்."

"ரோலர் பக்கத்துல ஒரு போல்ட் லூசா இருக்குது. வலது கையில ஸ்பேனரை எடுங்க. உள்ள கையை விட்டு டைட் பண்ணுங்க."

அவர் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை கிளம்பியது.

"மெஷின் ஓடிட்டு இருக்குதுங்க."

"நிறுத்துங்க."

"நான் மெயின்டனன்ஸுங்க. நிறுத்திக் குடுக்க வேண்டியது ப்ரொடக்‌ஷன். பர்மிட்ல சூப்பர்வைசர் கையெழுத்துப் போடணும்."

"போய் வாங்குங்க."

"அவுரு சீட்டுல இல்லைங்க."

"எங்க போனாரு?"

"டீக்கு."

"முனிராஜ், இது உங்க மனசுக்குள்ள நடக்குது. இங்கயுமா அவர் டீக்குப் போவாரு?"

"அவுரு எங்க இருந்தாலும் போவாருங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பக்கத்துக் கட்டிலிலிருந்து லட்சுமம்மா, "அவுரு வர்ற வரைக்கும் நீயும் ஒரு டீ குடிப்பா" என்றாள். முனிராஜ் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. குடிக்கிறார் போலிருக்கிறது. விடுவேனா நான்.

"எந்தக் கையில டம்ளரைப் புடிச்சிருக்கீங்க?"

"எடது கையிலங்க."

மனதுக்குள்ளேயும் வலது கையை எடுக்கவில்லை அந்த மனுஷன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த பர்மிட்டைக் குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"நீங்க ப்ரொடக்‌ஷன் இல்லைங்களே மேடம்" என்றார், ரொம்பவும் மரியாதையாக.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு தடங்கல். ஒரு நாள் ஆயுத பூஜை, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டுவிட்டார்கள், தொடக்கூடாது. ஒரு நாள் ஸ்பேனர் செட்டை வேறு ஷிப்ட்காரன் எடுத்துப் போய்விட்டான். ஒரு நாள் அத்திப்பள்ளியில் டிராபிக் ஜாம், மெட்டீரியல் லாரி வரவில்லை, லைனே ஓடவில்லை. லைன் ஓடவில்லையென்றால் ரொம்ப வசதி, கையை விடுங்கள் என்றேன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். முனிராஜின் தலைக்குள் நடந்த அந்தக் கம்பெனியைப் போல நிர்வாகம் கெட்ட கம்பெனியை இந்த வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. மெடிக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் மஞ்சுளா என்னிடம் வந்தாள்.

"கை மாட்டுன அன்னிக்குப் பூட்டுப் போடல மேடம். அதைச் சொல்ல மாட்டன்றாரு."

அவர் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மெயின்டனன்ஸ் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பேர் எழுதின சிவப்புப் பூட்டு ஒன்று கொடுத்திருப்பார்கள். மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு தொங்கும். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். ஜி.எம். வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக்கூடாது.

"அஞ்சு நிமிச வேலைங்க. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னாங்க. பூட்டு லாக்கர்ல இருந்துச்சு. போய் எடுத்தா லேட்டாவும்னு கையை வுட்டுட்டன். அந்தப் பக்கம் இருந்தவனுக்கு நான் உள்ள இருக்கறது தெரியாது. லைன் நிக்குதேன்னு சுவிட்சைப் போட்டுட்டான். அவன் இன்னா பண்ணுவான், பூட்டு இருந்திருந்தா பாத்திருப்பான்."

இத்தனை நாள் நடந்த டீ, ஆயுத பூஜை, டிராபிக் ஜாம் எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனுஷன் என்னிடம் சாக்குச் சொல்லவில்லை. அந்தக் கைதான் உள்ளே போக மாட்டேன் என்று நாள் கடத்திக்கொண்டிருந்தது. ஒரு தடவை ஏமாந்த கை, மறுபடி யார் சொன்னாலும் நம்பாது. நான் சொன்னால் மட்டும் எப்படி நம்பும்?

"சரி. நாளைக்குப் பூட்டுப் போட்டுட்டுத்தான் உள்ள கை விடறோம்" என்றேன்.

"பூட்டு கம்பெனி லாக்கர்ல இருக்குதுங்க. வெளிய எடுத்துட்டு வர கேட் பாஸ் வேணும்."

"வேற பூட்டு போட்டுக்கலாம் முனிராஜ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். மனதுக்குள் போட்டுக்கொள்ளும் பூட்டைத்தான் நான் சொன்னேன். அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

3. மாட்டுக்கொட்டாய்ப் பூட்டு

மறுநாள் கீழ்த் தளத்தில் ஆபரேஷன் முடிந்த ஒருவரை நடக்க வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முடித்துவிட்டு மாடிக்கு வந்தால் எங்கள் அறை இருட்டு. பேன் ஓடவில்லை. தோளுக்கு மெழுகு ஒத்தடம் போட்டுக்கொள்ளக் காத்திருந்த லட்சுமம்மா, "கரண்டைப் பூட்டிட்டாங்க" என்றாள்.

வராந்தாவின் கடைசியில் சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கிற ஒரு இரும்புப் பெட்டி உண்டு. நல்ல வேளையாக அதில் எங்கள் அறையும் பெரிய டாக்டரின் அறையும் இந்த வராந்தாவும் மட்டும்தான். அந்தப் பெட்டியின் கொண்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. அதன் மேல் காய்ந்த சாணி. பக்கத்தில் முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மஞ்சுளா இரண்டு கையையும் விரித்து வழியை மறித்திருந்தாள்.

"கிட்ட வராதீங்க மேடம். வேலை நடக்குது."

"ஏது இந்தப் பூட்டு?"

"எங்க மாட்டுக்கொட்டாயிதுங்க. மாட்டைப் பக்கத்து வூட்டுல கட்டிட்டு வந்தன். நீங்கதான வேற பூட்டு போட்டுக்கலாம்னீங்க" என்றார் முனிராஜ், கண்ணைத் திறந்து.

அதற்குள் டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"மெயினை யார் ஆஃப் பண்ணது? இது என்ன பூட்டு? சாவி எங்க?"

"என் பாக்கெட்ல இருக்குதுங்க சார்" என்றார் முனிராஜ்.

"குடுங்க."

"அது முடியாதுங்க சார். பூட்டுனவன்தான் தொறக்கணும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வசந்தா, என்ன நடக்குது இங்க?"

"விஷுவலைசேஷன் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஒரு மூச்சு விட்டார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு போல்ட்டுதான் சார்."

"சரி, சீக்கிரம் முடிங்க."

"அன்னிக்கும் இப்பிடித்தான் சார் சொன்னாங்க" என்றார் முனிராஜ்.

டாக்டருக்கு அன்றைய கதையெல்லாம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரலில் என்னவோ இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நான் முனிராஜுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கண்ணை மூடிக்குங்க. மெஷின்?"

"நின்னுடுச்சுங்க."

"பூட்டு?"

"என்னுது. போட்டிருக்குது."

"சாவி?"

இடது கையால் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருக்குது."

"சூப்பர்வைசர்?"

"டீக்குப் போயிருக்காருங்க. பரவால்ல, போவட்டும்."

அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வலது கை மெல்ல மேலே வந்தது. முன்னால் நீண்டது. பாதி வழியில் நின்றது. மறுபடி இடது கை பாக்கெட்டைத் தொட்டது. வலது கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கட்டை விரல் முதலில் அசைந்தது. அதற்குப் பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, இல்லாத ஒரு ஸ்பேனரைச் சுற்றி மடங்கின. மணிக்கட்டு திரும்பியது. கொஞ்சம்தான். மறுபடியும் திரும்பியது.

"டைட் ஆவுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆவுதுங்க. துரு கொஞ்சம் இருக்குது."

கையை வெளியே எடுத்தார். கண்ணைத் திறந்தார். மூடிய கை மூடினபடியே அவர் முன்னால் இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. மஞ்சுளா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வராந்தா இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"முடிஞ்சுதா? மெழுகு ஆறிப் போச்சு" என்றாள் லட்சுமம்மா.

இனிமேல்தான் அடுத்த கூத்து. சாவியை வலது கையால்தான் திருப்புவேன் என்று நின்றார் முனிராஜ். அது மாட்டுக்கொட்டாயின் துருப்பிடித்த பூட்டு. அப்போதுதான் பிறந்த பிடி அது, அதற்கு வலு எங்கே இருக்கும். சாவி துளையில் நுழைந்தது, பூட்டு தன்பாட்டுக்கு ஆடியது. டாக்டர் எழுந்து வந்தார்.

"பூட்டை நான் பிடிச்சுக்கலாமா? அதுக்கு ரூல்ஸ் இடம் குடுக்குதா?"

முனிராஜ் யோசித்தார். "புடிச்சிக்கலாம் சார். திருப்பக்கூடாது."

பெரிய டாக்டர் சாணி ஒட்டிய பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். மூன்றாவது முயற்சியில் திறந்தது. பேன் சுற்றியதும் வராந்தாவில் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது, கரண்டு வந்ததற்காகத் தட்டினார்கள்.

4. அதற்குப் பிறகு

பிள்ளைகளே, கற்பனை செய்தால் போதும், காயம் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முனிராஜின் கையைத் தைத்தது சர்ஜன். விறைத்துப்போகாமல் காப்பாற்றியது தினம் தினம் பிடித்து மடக்கின வேலை. அந்த இருட்டு வராந்தாவுக்குப் பிறகும் ஸ்பாஞ்சை அமுக்குவது, துணி கிளிப் மாட்டுவது, ஈரத் துணி பிழிவது என்று அவரைப் பிழிந்தெடுத்தேன். வலித்தது, என்னைத் திட்டினார், மறுநாள் வந்தார். கண்ணை மூடிப் பார்த்தது ஒரே ஒரு காரியம்தான் செய்தது. உள்ளே போனால் திரும்பி வரலாம் என்று அந்தக் கைக்குத் தைரியம் சொன்னது. அந்தத் தைரியத்தை ஊசியிலும் போட முடியாது, மாத்திரையிலும் கொடுக்க முடியாது.

கடற்கரைக் குரல் இன்னும் எங்கள் அறையில் இருக்கிறது. பிடித்தவர்களுக்குப் போடுகிறோம். மற்றவர்களிடம் கண்ணை மூடினால் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று முதலில் கேட்கிறோம். டாக்டரே இப்போது அப்படித்தான் கேட்கிறார். லட்சுமம்மா கண்ணை மூடி, மேல் வரிசை ரோஜாவுக்குக் கை நீட்டிப் பழகினாள். முள் குத்துகிறது என்று நடுவில் இரண்டு தடவை கையை உதறினாள். உதறின கை தோளுக்கு மேலே போய்விட்டிருந்ததை அவளுக்கு நான்தான் காட்டினேன்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நம்முடைய காட்சியை அவர்கள் தலைக்குள் திணிக்கக்கூடாது. அவர்கள் காட்சிக்குள் நாம் போக வேண்டும். அங்கே சூப்பர்வைசர் டீக்குப் போயிருந்தால் எரிச்சல்படக்கூடாது. எதற்காக அவரை இந்த மனுஷன் டீக்கு அனுப்பி வைத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். சில சமயம் மனைவி சொல்வாள்.

மெடிக்கல் அன்று காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. கம்பெனி டாக்டர், எச்.ஆர். எல்லாரும் பார்க்க, அதே லைனில் வேலை செய்துகாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் ஒரு பேஷண்டின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். நடுவில் முனிராஜின் குரல்.

"மேடம், கேக்குதுங்களா?"

"கேக்குது. என்ன சத்தம் அது?"

"அதே கன்வேயருங்க. என் பூட்டைப் போட்டுட்டு ரோலர் மாத்திட்டன். இப்பதான் ஓட வுட்டாங்க."

பாஸா பெயிலா என்று கேட்க வாய் வரவில்லை. "கை?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டும் வெளியிலதாங்க இருக்குது" என்றார்.